முதுமையில் விழாமல் இருக்கக் கால் வலுவும் சமநிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

60 வயதைக் கடந்தவர்களும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. யாருடைய துணையும் இன்றி நிற்கவும் நடக்கவும் முடிந்தவர்களை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டது. ஏற்கெனவே பலமுறை விழுந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், நடுக்குவாதம் உள்ளவர்கள் ஆகியோர் ஓர் இயன்முறை மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில்தான் இந்தப் பயிற்சிகளைத் தொடங்க வேண்டும்.

வயதானவர்கள் எப்போதாவது தடுக்கி விழுவது சகஜம்தானே, அதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்?

சகஜம் என்பது உண்மைதான். 65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் விழுகிறார். ஆனால் சகஜமாக நடப்பதெல்லாம் சாதாரணமானது ஆகிவிடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகெங்கும் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்ததால் உயிரிழக்கிறார்கள். தற்செயலான காயங்களால் நேரும் இறப்புகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். உயிர் பிழைத்தாலும், இடுப்பெலும்பு முறிந்த பலர் முன்பு நடந்ததுபோல் மறுபடி நடப்பதில்லை. எலும்பே முறியாத ஒரு சிறு விழுதல்கூட மனத்தில் அச்சத்தை விதைத்து, ஆளை நாற்காலியிலேயே உட்கார வைத்துவிடுவதுண்டு.

வயதானால் கால் தளர்வது இயற்கை. அதற்குப் பயிற்சி செய்து என்ன ஆகப்போகிறது?

தளர்ச்சியில் வயதின் பங்கு இருக்கிறது. ஆனால் வயதின் கணக்கில் நாம் எழுதிவிடும் தளர்ச்சியில் பெரும்பகுதி, காலுக்கு வேலை கொடுக்காததால் வந்தது. என் தாயார் நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கைகளாலும் கைப்பிடியை அழுத்தி, உடலை முன்னும் பின்னும் ஒருமுறை ஆட்டி, அந்த வேகத்தில் எழுந்துகொள்வார். இரண்டு ஆண்டுகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் 'வயசாகிவிட்டது' என்றுதான் நினைத்தோம். கால் செய்ய வேண்டிய வேலையைக் கை செய்யத் தொடங்கிவிட்டது என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

1990இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த, 86 முதல் 96 வயது வரையிலான 10 பேருக்கு எடை தூக்கும் கால் பயிற்சி அளிக்கப்பட்டது. எட்டு வாரப் பயிற்சியை முடித்தவர்களின் தொடை வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது. ஆய்வில் இருந்தவர்கள் மிகச் சிலரே என்றாலும், பின்னர் 1994இல் 100 பேரைக் கொண்டு நடத்திய பெரிய ஆய்விலும் தசை வலு இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. 90 வயதுத் தசையும் பயிற்சிக்குப் பதில் சொல்கிறது என்பதில் இன்று மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை.

தசை வலு வேறு, சமநிலை வேறா?

வேறு வேறுதான், ஆனால் ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது. நாம் நிமிர்ந்து நிற்பதற்குக் கண், உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள தொடு உணர்வு நரம்புகள் ஆகிய மூன்றும் இடைவிடாமல் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளை அவற்றைச் சேர்த்துப் பார்த்துத் தசைகளுக்கு ஆணையிடுகிறது. இருட்டில் தடுமாறுவதும், நீண்டகாலச் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் கண்ணை மூடியதும் ஆடுவதும் இந்த மூன்றில் ஒன்று குறைவதால்தான்.

கால் இடறும் அந்த நொடியில், மற்றொரு காலை விரைந்து முன்வைத்து உடலின் பாரத்தை அதில் தாங்கிக்கொள்ள வேண்டும். இதற்கு வலு மட்டும் போதாது, வேகமும் வேண்டும். வேகமான அசைவுக்குப் பயன்படும் தசை இழைகளே வயது ஏற ஏற முதலில் மெலிகின்றன. அதனால்தான், மூட்டையைத் தூக்கும் அளவுக்கு வலுவுள்ள ஒருவரும் கால் விரிப்பில் இடறியதும் சுதாரிக்க முடியாமல் விழுகிறார்.

என் கால்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை வீட்டிலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். மருத்துவர்களே பயன்படுத்தும் மூன்று எளிய சோதனைகள் உள்ளன. மூன்றையும் அருகில் ஒருவரை நிறுத்திக்கொண்டு செய்ய வேண்டும்.

முதலாவது, நாற்காலிச் சோதனை. கைப்பிடி இல்லாத, நேரான முதுகுடைய நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 வினாடிக்குள் எத்தனை முறை முழுமையாக எழுந்து நின்று உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். 70 முதல் 74 வயதுக்குள் உள்ள ஆண் 12 முறைக்குக் குறைவாகவும், பெண் 10 முறைக்குக் குறைவாகவும் எழுந்தால் அது சராசரிக்குக் கீழே. கையை ஊன்றாமல் எழவே முடியாவிட்டால் கணக்கு பூஜ்யம்தான். அதற்காக வருந்த வேண்டாம், தொடங்க வேண்டிய இடம் தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எழுந்து நடக்கும் சோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருப்பதாகக் கொள்ளலாம். மூன்றாவது, ஒரு பாதத்தின் குதிகால் மற்றொரு பாதத்தின் விரல் நுனியைத் தொடும்படி இரண்டையும் ஒரே கோட்டில் வைத்து, எதையும் பிடிக்காமல் 10 வினாடி நிற்பது. இதில் நிற்க முடியாதவர்கள் சமநிலைப் பயிற்சியைத் தள்ளிப்போடக் கூடாது. முடிவுகளைத் தேதியோடு ஒரு தாளில் குறித்துவையுங்கள், பின்னால் மிகவும் உதவும்.

நான் நாள்தோறும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். அது போதாதா?

இந்தக் கேள்விக்கு 'போதும்' என்று விடை சொல்லவே எனக்கும் ஆசை, ஆனால் அது உண்மையாகாது. நடைப்பயிற்சி இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் மன அமைதிக்கும் மிக நல்லது, அதை விடவே வேண்டாம். ஆனால் விழுவதைத் தடுப்பதற்கு நடை மட்டும் போதும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சமதளத்தில், பழகிய பாதையில், பழகிய வேகத்தில் நடக்கும்போது உடல் ஏற்கெனவே தெரிந்ததைத்தான் செய்கிறது. சமநிலை எந்த இடத்திலும் சோதிக்கப்படுவதில்லை, தொடைத் தசையும் தன் முழு வலுவைக் காட்ட வேண்டிய தேவை வருவதில்லை.

2019இல் காக்ரேன் அமைப்பு 108 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து வெளியிட்ட மதிப்பாய்வு இதைத் தெளிவாக்கியது. சமநிலைப் பயிற்சியும், எழுவது, உட்காருவது, அடியெடுத்து வைப்பது போன்ற அன்றாட அசைவுகளையே பயிற்சியாகச் செய்வதும் விழுதல்களை ஏறத்தாழ 24 விழுக்காடு குறைத்தன. அவற்றோடு தசை வலுப் பயிற்சியும் சேர்ந்தபோது குறைவு 34 விழுக்காடு வரை இருக்கலாம் என்று காணப்பட்டது. ஆகவே நடப்பவர்கள் நடக்கட்டும், அதோடு பின்வரும் பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

அப்படியானால் என்னென்ன பயிற்சிகள் செய்ய வேண்டும்?

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதையே நான் சொல்வேன். நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்கள் இடுப்பளவு விரிந்து, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை உடலை முன்னே சாயுங்கள். பெரும்பாலோர் எழ முடியாமல் திணறுவது இந்தச் சாய்வைச் செய்யாமல் நேராக மேலே எழ முயல்வதால்தான். பிறகு குதிகால்களைத் தரையில் அழுத்தி எழுந்து, முழுமையாக நிமிர்ந்து நில்லுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மனத்துக்குள் நான்கு எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறங்குங்கள். இறங்கும் அந்த நான்கு எண்ணிக்கைதான் தொடைத் தசையைக் கட்டுகிறது, படியிறங்கும்போது காப்பாற்றுவதும் அதே வலுதான். முடியாதவர்கள் உயரமான நாற்காலியில், அல்லது இருக்கைமேல் கெட்டியான மெத்தை போட்டுத் தொடங்கலாம். தேவையானால் ஒரு கையை ஊன்றிக்கொள்ளலாம். 10 முறை எளிதாகிவிட்டால் இருக்கையின் உயரத்தைக் குறையுங்கள், அதன்பின் எழும்போது மட்டும் சற்று வேகம் கூட்டுங்கள்.

அடுத்தது, சமையலறை மேடை போன்ற அசையாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி விரல்களில் நின்று மெதுவாக இறங்குவது. இது கெண்டைக்கால் தசைக்கு. அதேபோல் குதிகால்களில் நின்று பாதத்தின் முன்பகுதியை உயர்த்துவது. நடக்கும்போது விரல் நுனி தரையில் இடறாமல் இருக்க உதவும் தசைக்கு இது. பின்னர், நின்றபடி ஒரு காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்குவது; ஒற்றைக் காலில் பாரம் நிற்கும் ஒவ்வோர் அடியிலும் உடல் பக்கம் சாயாமல் பிடிப்பது இடுப்பின் பக்கத் தசைதான்.

சமநிலைப் பயிற்சிக்குப் படிகள் உண்டு. பாதங்களைச் சேர்த்து நிற்பது, ஒன்றைச் சற்று முன்னே வைத்து நிற்பது, ஒரே கோட்டில் நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது என்று ஒவ்வொன்றிலும் 10 வினாடி ஆடாமல் நின்ற பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். முதலில் இரு கைகளாலும் பிடித்து, பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல், பிறகு கை மேடைக்கு மேலே தொடாமல் நிற்க என்று பிடிமானத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அதன்பின் மேடையின் ஓரமாகவே பக்கவாட்டில் நடப்பது, குதிகாலும் விரலும் தொடும்படி கோட்டில் நடப்பது, பின்னோக்கி நடப்பது ஆகியவற்றைச் சேர்க்கலாம். சற்றே ஆடினால்தான் பயிற்சி நடக்கிறது. கொஞ்சமும் ஆடவில்லை என்றால் படி மிக எளிது, பதறிப்போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தால் படி மிகக் கடினம்.

தாய் சி என்னும் மெதுவான அசைவுப் பயிற்சியைக் கற்றுத்தருபவர் கிடைத்தால் அதுவும் நல்ல தேர்வு. விழுதலைக் குறைக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று அதற்கு உண்டு.

வாரத்துக்கு எத்தனை நாள்? பலன் எப்போது தெரியும்?

முதியோர் வாரத்தில் 3 நாளோ அதற்கு மேலோ சமநிலையையும் வலுவையும் சேர்த்துப் பயில வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல். ஒரு வேளைக்கு அரை மணி நேரம் என்று தொடங்கலாம், அதையும் காலை மாலையாகப் பிரித்துக்கொள்ளலாம். தசை வலுப் பயிற்சிகளுக்கு இடையே ஒரு நாள் ஓய்வு விடுங்கள். சமநிலைப் பயிற்சியை நாள்தோறும் செய்யலாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் நாற்காலிச் சோதனையின் எண்ணிக்கை கூடுவதைப் பெரும்பாலோர் காண்கிறார்கள். நிறுத்திவிட்டால் அடைந்த பலன் சில மாதங்களில் கரைந்துவிடும் என்பதால், இதை ஒரு சிகிச்சைக் காலம்போல எண்ணாமல் பல் துலக்குவதுபோல நிரந்தர வழக்கமாக்கிக்கொள்வதே சரி.

எளிதாகிவிட்டதைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் நான் அதிகம் காணும் பிழை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டம் விழுதல்களைச் சுமார் 35 விழுக்காடு குறைத்ததற்கு, கணுக்காலில் கட்டும் எடையையும் சமநிலைப் படிகளையும் அதில் ஒழுங்காக ஏற்றிக்கொண்டே போனது முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன். அந்தத் திட்டத்தால் அதிகப் பயன் பெற்றவர்கள் 80 வயதைக் கடந்தவர்கள் என்பதையும் கவனியுங்கள்.

எனக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருக்கிறது. பயிற்சியால் தேய்மானம் கூடாதா?

கூடாது. தொடைத் தசை வலுப்பெறும்போது மூட்டின்மேல் விழும் சுமை குறைகிறது. மூட்டுத் தேய்மானத்துக்கே முதல் சிகிச்சையாக மருத்துவர்கள் பரிந்துரைப்பதும் இந்தப் பயிற்சிகளைத்தான். லேசான வலி பயிற்சியின்போது வந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் தொடரலாம். மூட்டு வீங்கினாலோ வலி மறுநாளும் கூடுதலாக இருந்தாலோ இருக்கையை உயர்த்தி, எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி தொடங்குமுன் யார் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

நடக்கும்போது நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ வருபவர்கள், காரணம் தெரியாமல் மயங்கி விழுந்தவர்கள், கடந்த ஓராண்டில் இருமுறைக்கு மேல் விழுந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். எலும்பு மெலிவு நோய் உறுதியானவர்கள் பயிற்சியைத் தவிர்க்கக் கூடாது, ஆனால் முதுகை ஆழமாக முன்வளைப்பதையும் முறுக்குவதையும் தவிர்க்க வேண்டும்.

எழுந்ததும் தலை கிறுகிறுக்கிறது. இதுவும் கால் வலு சம்பந்தப்பட்டதா?

பெரும்பாலும் இல்லை. படுத்த நிலையிலிருந்து எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் இரத்த அழுத்தம் 20 அலகோ கீழ் அழுத்தம் 10 அலகோ இறங்கினால், அது நிற்கும்போது ஏற்படும் இரத்த அழுத்தச் சரிவு. உடலில் நீர் குறைவதாலும் சில மாத்திரைகளாலும் இது வரும். படுக்கையில் தலையைத் திருப்பும்போதெல்லாம் அறையே சுழல்வதுபோல் இருந்தால் அது உட்செவிக் கோளாறாக இருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பிச் செய்யும் எளிய சிகிச்சையிலேயே பெரும்பாலும் குணமாகும்.

தூக்க மாத்திரை, மனப் பதற்றத்துக்கான மாத்திரை, மனச்சோர்வுக்கான சில மருந்துகள், இரத்த அழுத்த மருந்துகள் ஆகியவை விழும் ஆபத்தைக் கூட்டக் கூடியவை. உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச்சென்று, 'இவற்றில் எதனால் நான் தடுமாறக்கூடும்?' என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். தாமாக எதையும் நிறுத்திவிட வேண்டாம்.

கைத்தடி பிடித்தால் கால் இன்னும் பலவீனமாகிவிடும் என்கிறார்களே?

தேவைப்படும் ஒருவர் கைத்தடி இல்லாமல் வீட்டிலேயே முடங்கினால்தான் கால் பலவீனமாகும். தடியைப் பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் தலை மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்ததும் மாற்றிவிடுங்கள்.

விட்டமின் டி மாத்திரை சாப்பிட்டால் விழாமல் இருக்கலாமா?

குறைபாடு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவில் எடுக்க வேண்டும். குறைபாடு இல்லாதவர்களுக்கு இந்த மாத்திரை விழுதலைத் தடுப்பதாகத் தெரியவில்லை. ஆண்டுக்கு ஒரே தடவையாக மிகப் பெரிய அளவு கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் விழுதல்கள் கூடவே செய்தன. தசைக்குத் தேவை புரதம். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை முதியோருக்கு வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

வீட்டில் என்ன மாற்றங்கள் செய்ய வேண்டும்?

குளியலறையிலும் கழிப்பறையிலும் சுவரில் உறுதியாகப் பதித்த கைப்பிடி, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு, மடங்கும் தரைவிரிப்புகளை அகற்றுதல், படிகளின் இருபுறமும் கைப்பிடி. துண்டு தொங்கவிடும் கம்பி ஆளின் பாரத்தைத் தாங்காது, அதைக் கைப்பிடியாக நம்ப வேண்டாம். வீட்டுக்குள் காலுறையோடு மட்டும் நடப்பது வழுக்கும். குதிகாலைப் பிடித்துக்கொள்ளும், அடி மெல்லிய, வழுக்காத காலணி நல்லது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்த கண்ணாடி அணிந்து படியிறங்கும்போது, கீழ்ப்பாகத்தின் வழியே பார்த்தால் படியின் விளிம்பு மங்கலாகத் தெரியும். தலையைத் தாழ்த்தி மேல்பாகத்தின் வழியே பார்த்து இறங்குங்கள்.

ஒரு முறை விழுந்ததிலிருந்து அம்மா நடக்கவே பயப்படுகிறார். எப்படி ஊக்குவிப்பது?

'பயப்படாதே' என்ற சொல்லால் பயம் போகாது. அஞ்சுபவர் குறைவாக நடக்கிறார், குறைவாக நடப்பதால் கால் மெலிகிறது, கால் மெலிவதால் உண்மையிலேயே விழுகிறார். ஆகவே அந்த அச்சத்தை மதித்து, விழ வாய்ப்பே இல்லாத இடத்தில் தொடங்குங்கள்: முன்னே மேடை, பின்னே நாற்காலி, பக்கத்தில் நீங்கள். நீங்களும் அவரோடு சேர்ந்து எழுந்து உட்காருங்கள். இன்று 4 முறை எழுந்தவர் அடுத்த வாரம் 6 முறை எழுந்ததை அந்தத் தாளில் எழுதிக் காட்டுங்கள். பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொள்வது, தானே குளிப்பது என்று அவர் இழந்துவிட்டதாக நினைக்கும் ஒன்றைக் குறிக்கோளாக வைத்தால், 'உடம்புக்கு நல்லது' என்று சொல்வதைவிடப் பல மடங்கு பலிக்கும்.

நடக்கும்போது அவரிடம் பேச்சுக் கொடுத்ததும் அவர் நின்றுவிடுகிறாரா என்று கவனியுங்கள். பேசினால் நின்றுவிடும் முதியவர்கள் விழும் வாய்ப்பு அதிகம் என்று 1997இல் ஸ்வீடனில் கண்டறிந்தார்கள். நடப்பதற்கே முழுக் கவனமும் செலவாகிறது என்பது அதன் பொருள். அவரிடம் நடக்கையில் கேள்வி கேட்காதீர்கள். சமநிலை தேறிய பிறகு, எண்களைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே நடப்பதைப் பயிற்சியாகச் சேர்க்கலாம்.

மருத்துவமனையில் சில நாள் படுத்திருந்தால் என்ன செய்வது?

67 வயது சராசரியுள்ள நலமான சிலர் 10 நாள் படுக்கையில் இருந்தபோது, கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்ததாக 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. நோயுற்றவருக்கு இழப்பு இன்னும் கூடுதலாகவே இருக்கும். மருத்துவர் அனுமதித்த நாளிலேயே நாற்காலியில் உட்காரவும் சில அடி நடக்கவும் உதவுங்கள். படுக்கையிலேயே கணுக்காலை மடக்கி நீட்டுவதும் தொடையை இறுக்கித் தளர்த்துவதும் நடக்கட்டும். வீடு திரும்பிய முதல் வாரங்களில்தான் பலர் விழுகிறார்கள், அப்போது கூடவே ஒருவர் இருக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் விழுந்துவிட்டால் எப்படி எழுவது?

உடனே எழ முயலாதீர்கள். ஒரு நிமிடம் அப்படியே கிடந்து, எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். இடுப்போ தொடையோ கடுமையாக வலித்தால், கால் திரும்பியிருந்தால், தலையில் அடிபட்டிருந்தால் அசையாமல் உதவிக்குக் கூப்பிடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவர்கள் தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அடி இல்லை என்றால், முதலில் பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றிக் கைகளாலும் முழங்கால்களாலும் தவழும் நிலைக்கு வாருங்கள். அருகில் உள்ள உறுதியான நாற்காலி வரை தவழ்ந்து சென்று, இரு கைகளையும் இருக்கையில் ஊன்றி, வலுவான காலின் பாதத்தை முன்னே தரையில் பதித்து, அந்தக் காலாலும் கைகளாலும் அழுத்தி எழுந்து, மெதுவாகத் திரும்பி நாற்காலியில் உட்காருங்கள். எழ முடியாதவர்கள் கையெட்டும் துணியைப் போர்த்திக்கொண்டு, கால்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தரையில் மணிக்கணக்கில் கிடப்பது உடல் வெப்பத்தையும் நீரையும் குறைத்துத் தசைகளையும் கெடுத்துவிடும். தனியாக வாழ்பவர்கள் கைப்பேசியை மேசையில் வைக்காமல் உடலோடு வைத்துக்கொள்ள வேண்டும். தவழ்ந்து நாற்காலியைப் பிடித்து எழும் இந்த முறையை, உடல் நன்றாக இருக்கும் ஒரு நாளில், மெத்தை விரித்த தரையில், அருகில் ஒருவரை வைத்துக்கொண்டு ஒரு முறை செய்து பார்த்துவையுங்கள்.